நான்கெல்லைக்குள் ஒரு கிணறு

கனகு,

ஃபோன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஃபோனில் எனக்கு வரிசை வராது. நீ இடையில் ஒன்று கேட்பாய், நான் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். முப்பத்து நான்கு வருஷம் வாடிப்பட்டியில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதியவன் நான். முன் ஆவணம், சொத்து விவரம், நான்கெல்லை என்று வரிசையாக எழுதினால்தான் எனக்கு ஒரு விஷயம் அதனதன் இடத்தில் நிற்கும். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். நாளைக்கு உன் பிள்ளை எடுத்துப் படித்தாலும் விளங்க வேண்டும்.

முதலில் முன் ஆவணம்.

உன் தம்பி ராம்கி போய்ப் பதினொரு வருஷமும் நான்கு மாதமும் ஆகின்றன. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. நம் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. குழாயின் அடிமுனையில் இருக்கும் புட்வால்வில் சேறு அடைத்திருந்தது. காலை ஒன்பது மணிக்கு வருகிறேன், இரண்டு பேருமாக இறங்கிப் பார்க்கலாம் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அன்று முகூர்த்த நாள். அலுவலகத்தில் கூட்டம். ஒரு பாகப்பிரிவினையில் அண்ணனும் தம்பியும் ஒரு வேப்பமரம் யார் பாகத்தில் வரவேண்டும் என்று மல்லுக்கு நின்றார்கள். நான் தோட்டத்துக்குப் போனபோது மணி பன்னிரண்டு. கிணற்று மேட்டில் அவன் சட்டை மடித்து வைத்தபடி இருந்தது. பக்கத்தில் செருப்பு. காத்திருந்து பார்த்துவிட்டுத் தனியாக இறங்கியிருக்கிறான். நீச்சல் தெரிந்த பிள்ளை. மோட்டார்க் கயிறு காலில் சுற்றியிருந்தது என்று தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்த கையோடு நான் காசிமாயனைக் கூப்பிட்டு, ஜேசிபியைக் கொண்டுவந்து கிணற்றை மூடச் சொன்னேன். மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் நாற்பத்திரண்டு அடிக் கிணறு தரையோடு தரையாகிவிட்டது. அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு பேசவில்லை.

பேசவில்லை என்றால் சண்டை என்று அர்த்தமில்லை. சமைப்பாள், துவைப்பாள், என் சர்க்கரை மாத்திரையை எடுத்துத் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைப்பாள். சொல்ல வேண்டியதை மட்டும் வேறு யாரிடமாவது சொல்வாள். உனக்குக் கல்யாணமாகிற வரை அந்த வேறு யாராவது நீதான். நீ ஜெர்மனிக்குப் போன பிறகும் நீதான். அடுப்படியிலிருந்து உனக்கு ஃபோன் போட்டு, "உங்கப்பாவ சாப்புட வரச் சொல்லுடி" என்பாள். முன்னறையில் என் ஃபோன் அடிக்கும். "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க" என்பாய். அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே பதினைந்து அடி. நீ எடுக்காவிட்டால் பால்காரர் சின்னச்சாமி. அவரும் இல்லாவிட்டால் சுவர். "இந்தச் செவுத்துக்குக் காது கேட்டா நல்லாருக்கும். கேஸு தீந்து ரெண்டு நாளாச்சு."

நானும் அப்படியே பழகிக்கொண்டேன். ஏன் பேசவில்லை என்று அவளை நான் ஒருநாளும் கேட்டதில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றவன் பன்னிரண்டு மணிக்குப் போனேன். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

இனி பயணம்.

மதுரை காளவாசலில் விசாவுக்கு எழுதிக்கொடுக்கும் கடையில் நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் பாண்டிச்செல்வி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். நீ அனுப்பியிருந்த விவரத்தைப் பார்த்துவிட்டு, "ஜெர்மனியில மக வீடு. அப்புறம் அங்கருந்து குரோஷியா அஞ்சு நாளு. ஹாலிடேன்னு போட்டுரவாம்மா?" என்று கேட்டாள்.

"என்னத்தையாச்சும் போடு தாயி. எனக்கு என்ன லீவு, என்ன ஹாலிடே" என்றாள் உன் அம்மா.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. சின்ன நாடுதான், ஆனா நீளமாக் கடக்கரையாம்ல. ஆயிரத்துக்கு மேல தீவாம். புதுசாக் கல்யாணமானவுகதான் அங்க போவாக. நீங்க குடுத்து வச்சவுக."

உன் அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "சுத்தித் தண்ணியா? அவருட்டக் கேளு தாயி, நீச்சல் தெரியுமான்னு."

அந்தப் பெண் கேலி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன அங்கிள், அம்மா ஓட்டுறாக, சும்மா இருக்கீங்க?"

நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டச் சொன்னேன். எனக்கு நீச்சல் தெரியும். ராம்கிக்கு அந்தக் கிணற்றில் நீச்சல் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

உன் வீட்டில் இருந்த ஒரு மாதத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை. நீயும் கூட வருவதாகச் சொல்லித்தான் மூன்று டிக்கெட் போட்டாய். விமான நிலையத்தில் வைத்து, லீவு கிடைக்கவில்லை, நாளைக்கு வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றாய். ஒரு தாளில் ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண் போட்டு எழுதிக் கொடுத்தாய். எந்த வாசல், எந்த பஸ், எந்தக் கப்பல், வீட்டுக்காரம்மாவின் பெயர் மரியா, எல்லாம். நல்ல கோர்வையான எழுத்து. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஸ்ப்ளிட் என்ற ஊரில் இறங்கி ஃபோனைப் போட்டதும் உன் செய்தி வந்தது. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதுவும் ஓர் ஆவணம். "அப்பா, நான் வரல. இந்த அஞ்சு நாளும் ஃபோன் எடுக்க மாட்டேன். அவசரம்னா உங்க மாப்பிள்ளைக்குப் பேசுங்க. பதினோரு வருஷமா ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு ஓஞ்சுட்டேன். எனக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. நாளைக்கு அதையும் இந்த வேலைக்கு வைப்பீங்க. நான் விடமாட்டேன். பேசிட்டு வாங்க. இல்லேன்னா பிள்ளை பிறந்தப்புறம் என் வீட்டுக்கு ஒருத்தர் ஒருத்தராத்தான் வரணும்."

படித்துவிட்டு ஃபோனை உன் அம்மாவின் மடியில் வைத்தேன். அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டு இரண்டு தரம் படித்தாள். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த நம் பையைப் பார்த்து, "சொல்லிட்டாள்ல, பெரிய மனுஷி" என்றாள்.

கப்பல் என்றால் நம் ஊர் பஸ் நிலையத்தைத் தூக்கித் தண்ணீரில் வைத்தது போல. வயிற்றுக்குள் கார், லாரி எல்லாம் ஏறிப் போயின. மேல்தளத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். உன் அம்மா மட்டும் கடலுக்கு முதுகு காட்டி, இரும்புச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இரண்டேகால் மணி நேரமும் அப்படியேதான்.

நான் பார்த்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், அது பார்க்க வேண்டிய கடல். அடியில் கிடக்கும் கல் தெரிகிற தண்ணீர். ஒரு தீவு போய் முடிவதற்குள் அடுத்த தீவு வந்துவிடும். இந்த நாட்டில் பத்திரம் எழுதுகிறவனுக்கு வேலை சுலபம், வடக்கே கடல், தெற்கே கடல், கிழக்கும் மேற்கும் கடல் என்று எழுதிவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்தில் சொல்ல ஆள் இருந்தும் சொல்லவில்லை.

காப்பி விற்கிற இடத்தில் ஒரு வாலிபன் நின்றான். உன் அம்மா அவனிடம் போய்த் தமிழிலேயே சொன்னாள். "தம்பி, அவருக்கு சீனி இருக்கு. வெறுங்காப்பியாக் குடுப்பா."

அவன் சிரித்துத் தலையாட்டிவிட்டு, காப்பியோடு இரண்டு சீனிப் பொட்டலத்தையும் தட்டில் வைத்துக் கொடுத்தான். நான் எடுப்பதற்கு முன்னால் அவள் கை நீண்டது. பொட்டலங்கள் அவள் பைக்குள் போய்விட்டன.

அந்தத் தீவில் நாங்கள் தங்கிய வீட்டின் எல்லைகளைக் குறித்து வந்திருக்கிறேன். வடக்கே மரியா அம்மாவின் சிறு திராட்சைத் தோட்டம். தெற்கே கல் படிக்கட்டுப் பாதை. கிழக்கே வேறொருவர் வீட்டுச் சுவர். மேற்கே சரிவும் கடலும். நடுவில் வெள்ளைக் கல் பாவிய முற்றம். முற்றத்தின் நடுவே ஒரு கிணறு.

நீ படத்தில் பார்த்து எடுத்த வீடு, படத்தில் அது தெரிந்திருக்காது. ஒரே கல்லில் குடைந்த வாய், மேலே இரும்பு மூடி, ஓரத்தில் வாளியும் கயிறும். உன் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாக உள்ளே போனாள். அன்று சாயங்காலம் சோறு பொங்கி, கொண்டுபோன புளிக்காய்ச்சலைக் கிளறிவிட்டு, ஃபிரிஜ்ஜைப் பார்த்து, "சோறு ஆறுது" என்றாள். சாப்பிட்டேன்.

மறுநாள் அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது நான் ஒரு காரியம் செய்தேன். முற்றத்தில் கிடந்த மர மேசையை இழுத்து அந்தக் கிணற்று வாயை மறைத்துப் போட்டேன். மேலே ஒரு துணியை விரித்து, இரண்டு பூந்தொட்டியைத் தூக்கி வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். கிணறு இருக்கிற இடம் தெரியவில்லை. நல்ல காரியம் செய்ததாக நினைத்தேன்.

அவள் வந்து பார்த்தாள். மேசையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பதினொரு வருஷத்தில் என்னை அப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று முழுவதும் ஃபிரிஜ்ஜிடமும் பேசவில்லை. உனக்கு ஏழு தரம் ஃபோன் போட்டாள். நீ எடுக்கவில்லை. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தமாக மட்டும் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் நான் கடலோரமாக நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். தொட்டிகள் சுவரோரம் இருந்தன. மேசை பழைய இடத்தில் கிடந்தது. இரும்பு மூடி திறந்திருந்தது. உன் அம்மா கிணற்றுக் கல்லின் மேல் கை வைத்து நின்றாள். மரியா அம்மா கயிறு விட்டுத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். எழுபதுக்கு மேலிருக்கும், ஆனாலும் கை இரும்பு. அவருக்கு ஆங்கிலம் பத்து வார்த்தை, எனக்கு இருபது. உன் அம்மாவுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை.

மரியா அம்மா கூரையைக் காட்டினார். விரல்களால் மழை பெய்து காட்டினார். சுவரில் ஓடும் கல் வாய்க்காலைக் காட்டி, கிணற்றைக் காட்டினார். கூரையில் விழுகிற மழைதான் உள்ளே வந்து சேர்கிறதாம். அந்தத் தீவு முழுக்கப் பாறை. ஊற்றே கிடையாது. ஒரு குவளையில் மொண்டு உன் அம்மாவிடம் நீட்டினார். அவள் வாங்கி அண்ணாந்து குடித்தாள். நம் கிணற்றை மூடிய பிறகு அவள் எந்தக் கிணற்றுப் பக்கமும் போனதில்லை. நான் வாசலில் நின்றபடியே நின்றேன்.

குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல், மரியா அம்மாவைப் பார்த்து உன் அம்மா பேச ஆரம்பித்தாள்.

"இதுல ஊத்து இல்லைங்கிறீக. எங்க கெணத்துல மூணு ஊத்து. கேளுங்கம்மா அவருட்ட. எம்புள்ள போன கெணத்த யாரக் கேட்டு மூடுனாருன்னு கேளுங்க."

மரியா அம்மா என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கப்படுகிறது என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பதில் சொல் என்பது போல மோவாயை உயர்த்தினார்.

அதற்குள் உன் அம்மாவே தொடர்ந்தாள்.

"எங்க அம்மா ஊரு பக்கம், தண்ணியில போனவுகளுக்குப் பதினாறாம் நாளு அதே தண்ணியில ஒரு செம்பு மொண்டு, பேரச் சொல்லிக் கூப்புட்டு வீட்டுக்குக் கூட்டியாருவோம். கூப்புடலேன்னா அங்கனயே நிப்பாக, வீடு தெரியாது அவுகளுக்கு. எந்தம்பி ஊருணியில போனப்ப எங்கம்மா அப்படித்தான் கூட்டியாந்துச்சு. நான் செம்ப வெளக்கி, மஞ்சத்துணியில சுத்தி எடுத்து வச்சுட்டு, பதினாறாம் நாளைக்குன்னு காத்துக் கெடந்தேன். மூணாம் நாளே மண்ணப் போட்டுட்டாரு. எதுல மொள்ள? எங்க நின்னு கூப்புட? எம்புள்ள மண்ணுக்குள்ள நிக்குதும்மா. பதினோரு வருசமா நின்னுக்கிட்டே இருக்கு."

மரியா அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மக பேருக்கு அந்தத் தோட்டத்தப் பத்திரம் எழுதுனாரு. நாலு எல்லை எழுதுனாரு, தென்னை எத்தனைன்னு எழுதுனாரு. கெணறுங்கிற வார்த்தையே அதுல இல்ல. நான் வாசிச்சுப் பாத்தேன். எம்புள்ளைக்கு இருந்த இடத்த எழுத்துலயும் அழிச்சுட்டாரு. இந்தா, இங்க வந்தும் மேசையப் போட்டு மூடுறாரு."

கனகு, அந்த மஞ்சள் துணிச் செம்பு நம் பரணில் பதினொரு வருஷமாக இருக்கிறது. நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். திருப்பரங்குன்றத்துக்கு ஏதோ நேர்ந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். நம் பக்கத்தில் இந்தக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. அவள் ஊருக்கும் நம் ஊருக்கும் இருபது மைல். பெண்கள் செய்கிற காரியம், அவர்களுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இதெல்லாம் சமாதானம்தான். நான் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

நான் மரியா அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் வந்தது.

"ரெண்டாம் நாளு விடிஞ்சு எந்திரிச்சுப் பாத்தா வீட்டுல இவளக் காணோம். தோட்டத்துக்கு ஓடுனேன். கெணத்துக் கல்லு மேல நின்னு உள்ள குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்குறா. கூப்புட்டா பதறி விழுந்துருவான்னு, பின்னாலயே சத்தமில்லாம நின்னேன். இவ தானா எறங்கி வீட்டுக்கு நடக்குற வரைக்கும் நின்னேன். இவளும் போயிருவான்னு பயந்துதான் மூடுனேன். அம்புட்டுத்தான். சொல்லுங்கம்மா."

மரியா அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏதோ ஒரு வார்த்தை சொல்லி, உன் அம்மாவின் தோளில் தட்டிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

முற்றத்தில் நானும் அவளும்தான். பூனைகூட இல்லை.

வெயில் கிணற்று வாயைத் தாண்டி வந்திருந்தது. உன் அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

"கேட்டிருக்கலாம்" என்றேன்.

"அவன் அங்கன இருக்கானான்னு பாக்கத்தான குனிஞ்சேன். நான் எதுக்குச் சாகுறேன்? எனக்கு இன்னொரு புள்ள இல்லையா?"

நான் அந்தக் கல்லின் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அடிவயிற்றில் கிடந்ததை எடுத்துச் சொன்னேன். "நான் ஒம்பது மணிக்கு வாரேன்னு சொல்லிட்டு வரலைல, அதுக்குத்தான் நீ பேசலைன்னு நெனச்சேன்."

அவள் முகம் சுருங்கியது. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "அதுக்கா? அதுக்கு உங்கள என்னத்தச் சொல்ல? நீங்க எட்டு மணிக்கு வந்திருந்தாலும் அவன் ஏழு மணிக்கு எறங்கியிருப்பான். அவன் யாரு சொல்லிக் கேட்டான்? அத நான் ஒருநாளும் மனசுல வைக்கல."

பதினொரு வருஷம் நான் எதைச் சுமந்தேனோ அதை அவள் மனதிலேயே வைக்கவில்லை. அவள் எதைச் சுமந்தாளோ அது எனக்குத் தெரியவே இல்லை. ஒரே கூரைக்குக் கீழே.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மண்ணு போட்டா ஊத்து செத்துப்போகுமா?" என்று கேட்டாள்.

"சாகாது. கால்வாய்க்குப் பக்கத்து நிலம். தோண்டுனா வரும்."

"அப்பத் தோண்டுங்க."

"தோண்டுறேன்."

அதற்குப் பிறகு இருந்த இரண்டு நாளிலும் நாங்கள் ஒன்றும் பெரிதாகப் பேசிவிடவில்லை. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடாது. ஒரு தரம் என்னிடம் சொல்ல வந்ததை அடுப்பிடம் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தித் திரும்பினாள். கடைசி நாள் கடலுக்குப் போனோம். அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து முழங்கால் வரை காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்த வழியாகப் போன ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களைப் படம் எடுத்துக் கொடுத்தாள். உனக்கு அனுப்பிய படம் அதுதான். இரண்டு பேரும் சிரிக்கவில்லையே என்று கேட்டாய். சிரிக்கிற மாதிரி இல்லை, அவ்வளவுதான். திரும்பி வருகிற கப்பலில் உன் அம்மா கடலைப் பார்த்து உட்கார்ந்து வந்தாள்.

இனி, ஊருக்கு வந்த பிறகு நடந்தவை.

வந்த நான்காம் நாள் காசிமாயனைப் போய்ப் பார்த்தேன். இப்போது அவனிடம் மூன்று ஜேசிபியும் கிணறு தோண்டும் கிரேனும் இருக்கின்றன. விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, மூடுனவன் நான்தான். அன்னைக்கே எனக்கு மனசு ஒப்பல. உங்க மொகத்தப் பாத்துட்டு வாயத் தெறக்கல. நானே தெறந்து விடுறேன்."

"எம்புட்டு நாளு ஆகும்?"

"பாத்துச் செஞ்சா எட்டு நாளு. ஓரத்துக் கல்லு சரியாம எடுக்கணும்ல. மதினி வருவாகளா பாக்க?"

வந்தாள். தினமும் வந்தாள். மண் மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கிரேன் வாளி ஒவ்வொன்றாக மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் பழைய கல்படி தெரிந்தது. ஆறாம் நாள் துருப்பிடித்த மோட்டார்க் குழாய் வந்தது. காசிமாயன் அதை அவள் கண்ணில் படாமல் தூரத்தில் போடச் சொன்னான். "அங்க எதுக்குப் போடுற? இங்க கொண்டா" என்றாள் அவள். குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அந்த நாட்களில் நான் தோட்டத்திலேயே உட்கார்ந்து உன் பத்திரத்துக்குப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதினேன். நகல் இத்துடன் இருக்கிறது. சொத்து விவரத்தில், "இதன் மத்தியில் உள்ள கல் கட்டிய கிணறு ஒன்று" என்று சேர்த்திருக்கிறேன். உன் அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வரிவரியாக வாசித்துவிட்டு, "ஆழம் போடலையே" என்றாள். பத்திரத்தில் கிணற்றின் ஆழம் எழுதுகிற வழக்கம் இல்லை என்றேன். "போடுங்க" என்றாள். நாற்பத்திரண்டு அடி என்று போட்டிருக்கிறேன்.

அவள் உனக்குச் சொல்லச் சொன்னது ஒன்று இருக்கிறது. "அஞ்சு நாளு ஃபோனை எடுக்காத மகளோட நான் பேசலைன்னு எழுதுங்க." எழுதிவிட்டேன். இதுதான் கடைசி, நீ செய்த வேலையை இனி நான் செய்ய மாட்டேன் என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிடு. எடுப்பாள்.

ஏழாம் நாள் மாலை முப்பத்தெட்டு அடியில் மண் கறுத்தது. எட்டாம் நாள் காலையில் வடக்கு மூலையில் ஊற்று கண்டது. பிறகு மற்ற இரண்டும். கீழே நின்ற ஆட்கள் சத்தம் போட்டார்கள். அடியைத் தொடுவதற்குள் முழங்கால் அளவு தண்ணீர். கலங்கிய தண்ணீர்தான். அது தெளியட்டும் என்று மூன்று நாள் விட்டாள். நேற்று அமாவாசை.

பூசாரி யாரையும் கூப்பிடவில்லை. காலையில் அவள் தலைக்குக் குளித்து, பரணிலிருந்து அந்தச் செம்பை எடுத்து, புளி போட்டு விளக்கினாள். நாங்கள் இருவர் மட்டும் போனோம். நான் கயிறு விட்டு வாளியில் மொண்டு கொடுத்தேன். அவள் செம்பில் ஊற்றிக்கொண்டு, கிணற்று மேட்டில், அன்று அவன் சட்டை இருந்த இடத்தில் நின்று, "ராம்கி" என்றாள். வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவாளே, அதே குரல். "ராம்கி, வா. வீட்டுக்குப் போவோம்."

வழியில் செம்பைக் கீழே வைக்கக் கூடாதாம். திரும்பிப் பார்க்கக் கூடாதாம். பாதை திரும்புகிற இடத்திலெல்லாம் கூப்பிட வேண்டுமாம், அவனுக்கு வழி தெரிய வேண்டுமே. "ராம்கி, இங்கன கால்வாய்ப் பாலம், பாத்து வா." "ராம்கி, இது புதுசா வந்த பெட்ரோல் பங்க்கு, நீ பாத்ததில்ல, இந்தப் பக்கமா வா." எதிரே பைக்கில் வந்தவர்கள் வண்டியை நிறுத்தி ஒதுங்கி நின்றார்கள். நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன்.

ரயில் கேட் மூடியிருந்தது. நின்றோம். ஒரு ரயில் போயிற்று, கேட் திறக்கவில்லை. மதுரைப் பக்கமிருந்து இன்னொன்று வர வேண்டும் என்றார்கள். அவளுக்கு அறுபத்தோரு வயது, நிறைந்த செம்பு, இரண்டு கிலோமீட்டர். செம்பின் விளிம்பில் தண்ணீர் அசைந்தது. யாரிடமாவது சொல்வாள் என்று நினைத்தேன். கேட் ஓரத்தில் ஆட்கள் நின்றார்கள்.

என் பக்கம் திரும்பினாள். "இந்தாங்க, பிடிங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தது. இரண்டாவது ரயிலும் போய், கேட் மேலே ஏறியது.

"கேட்டு தெறந்தாச்சு. நீங்க கூப்புடுங்க" என்றாள்.

அவன் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லிப் பதினொரு வருஷமாகிறது. இரண்டு தரம் முயன்றும் காற்றுதான் வந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஒன்றும் ஹாரன் அடிக்கவில்லை. மூன்றாம் தரம் வந்தது.

"ராம்கி, வாடா. அப்பா வந்துட்டேன்."

இப்படிக்கு,
உன் அப்பா
நல்லகாமன்